அழிக்கப்பட்ட பக்கத்தைப் படியுங்கள்: யுஎக்ஸ் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

என்னையும், என்னிடம் வேலை கற்கும் ஒரு தம்பியையும் மதிப்பிட்ட குழுவினருக்கும், அதே மதிப்பெண் தாளை வைத்துக்கொண்டு யுஎக்ஸ் டிசைனர்களை, அதாவது பயன்படுத்துபவருக்கு எளிதாக இருக்கும்படி செயலிகளையும் திரைகளையும் வடிவமைப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் மற்ற குழுவினருக்கும்,

இரண்டு மாதத்துக்கு முன்னால் கடைசிச் சுற்றில் என்னை நிராகரித்தீர்கள். அதற்காக இந்த மடலை எழுதவில்லை. பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், வேலை கிடைப்பதும் கைநழுவிப் போவதும் பழகிவிட்டது. நீங்கள் சொன்ன காரணம்தான் மனதில் தைத்தது. "உங்கள் வேலை நன்றாக இருக்கிறது. ஆனால் செயல்முறை வரிசையாக இல்லை. ப்ரோட்டோடைப் செய்து முடித்த பிறகு மறுபடி ஆய்வுக்குப் போயிருக்கிறீர்கள்." ப்ரோட்டோடைப் என்பது முயன்று பார்ப்பதற்காகச் செய்யும் மாதிரித் திரை, ஆய்வு என்பது பயனரைப் பார்த்தும் கேட்டும் புரிந்துகொள்வது.

அப்போதும் பேசாமல்தான் இருந்தேன். போன வாரம், என்னிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருக்கும் அந்தத் தம்பி தன் வேலைகளை விவரித்துத் தொகுத்த போர்ட்ஃபோலியோவைக் கொண்டுவந்து காட்டினான். அவனையும் இதே காரணம் சொல்லி ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தீர்கள். திருத்தி எழுதி மறுபடி அனுப்பியிருக்கிறான். இந்த முறை அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள். அவன் எதைத் திருத்தினான் என்று படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் அளவைக் குறிப்பவர்களுக்கான செயலி அவன் செய்தது. கறுப்புப் பின்னணி, வெளிர்சாம்பல் எழுத்து. எல்லோராலும் பயன்படுத்த முடியும்படி திரைகளை அமைக்கச் சொல்லும் இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல், சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே அவ்வளவு வெளிச்ச வேறுபாடு, வேண்டும் என்கிறது. அவன் வைத்தது அதற்கு மேலேயே இருந்தது. அலுவலக அறைக்குள் ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தான், ஐந்து பேரும் தடுமாறாமல் முடித்தார்கள். அப்புறம் ஒருநாள் அளவெடுப்பவர் ஒருவருடன் உச்சி வெயிலில் கூடவே நடந்தான். அந்த மனிதர் ஒவ்வொரு மீட்டரிலும் முதுகை வெயிலுக்குக் காட்டிக் குனிந்து, இடது கையைத் திரைக்கு மேல் கூரை மாதிரி பிடித்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் எண்ணைத் தட்டினார். மீட்டர் மூடியைத் தூக்கிப் பிடிக்கக் கை மிச்சமில்லை. எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, மூடியை விட்டுவிட்டு, பிறகுதான் தட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது வீட்டில் ஓர் இலக்கம் மாறிப்போயிற்று.

அன்று ராத்திரியே தம்பி பின்னணியை வெள்ளையாக்கினான். எண் பட்டன்களைப் பெரிதாக்கி, ஒரே கையால் எட்டும்படி கீழே இறக்கினான். போன தடவை எடுத்த அளவைத் திரையிலேயே காட்டினான், தப்பாகத் தட்டினால் உடனே கண்ணில் படட்டும் என்று. இதையெல்லாம் விவரித்த பக்கத்துக்கு அவன் வைத்திருந்த தலைப்பு: "நான் அறைக்குள் சோதித்தது தவறு."

நீங்கள் ஏற்றுக்கொண்ட இரண்டாவது வடிவத்தில் அந்தப் பக்கம் இல்லை. அதற்குப் பதிலாகச் செயல்முறையின் கட்டங்களை வரிசையாகக் காட்டும் ஐந்து பெட்டிகள், நடுவில் அம்புக்குறிகள். முதல் பெட்டிக்குக் கீழே ஒரு பெர்சோனா, அதாவது பயனர் இப்படிப்பட்டவர் என்று காட்டும் மாதிரி ஆள்: 34 வயது, இரண்டு குழந்தைகள், 'தொழில்நுட்பத்தில் ஓரளவு பழக்கம்'. அப்படி ஓர் ஆளை அவன் சந்திக்கவே இல்லை. வெள்ளைப் பின்னணி ஏதோ ஸ்டிக்கி நோட் ஒட்டி யோசித்தபோது தோன்றியதாக எழுதியிருந்தான். அந்த வெயிலும் அந்த மனிதரின் கையும் காணாமல் போயிருந்தன.

"ஏன்டா இப்படி மாத்தின?" என்று கேட்டேன்.

"அக்கா, அவங்க கேக்குறது இதுதான். மாத்தினதும் கூப்பிட்டுட்டாங்க பாருங்க."

அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதியபோது கதவைச் சாத்தினீர்கள், கற்பனையாக ஓர் ஆளை உருவாக்கிக் காட்டியபோது திறந்தீர்கள். இருபத்து மூன்று வயதில் அவன் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான் என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

நீங்கள் அளவுகோலாக வைத்திருக்கும் படங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். புரிந்துகொள், வரையறு, யோசி, மாதிரி செய், சோதி என்ற ஐந்தும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் வழியாகப் பரவியவை. இரண்டு வைர வடிவங்களை அடுத்தடுத்து வைத்த படத்தை 2005-ல் பிரிட்டனின் டிசைன் கவுன்சில் பரப்பியது. 2019-ல் அதே கவுன்சில் அந்தப் படத்தை விரிவாக்கியபோது, இது நேர்கோட்டில் போகும் செயல்முறை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, பின்னோக்கிப் போகும் அம்புகளையும் சேர்த்தது. மனிதரை மையமாக வைத்த வடிவமைப்புக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 9241-210. அதிலும் மதிப்பீட்டிலிருந்து முந்தைய கட்டம் ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போக வழி வரைந்திருக்கிறார்கள். ப்ரோட்டோடைப்புக்குப் பிறகு ஆய்வுக்குத் திரும்பியது என் குறை என்றீர்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் படங்களே அதைச் செய்யச் சொல்கின்றன.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. 1985-ல் ஜான் கூல்டு, கிளேட்டன் லூயிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பயன்படுத்த எளிதான கணினி அமைப்பை வடிவமைப்பதற்கு மூன்று கொள்கைகளை எழுதினார்கள். ஆரம்பத்திலேயே பயனரையும் அவர் செய்யும் வேலையையும் கவனிப்பது, ஊகிக்காமல் அளந்து பார்ப்பது, திரும்பத் திரும்பத் திருத்துவது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று சிலர் சொன்னதால், கணினி அமைப்புகளை உருவாக்கும் துறையைச் சேர்ந்த 447 பேரிடம் முக்கியமான படிகளை எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றையும் எழுதியவர்கள் 16 சதவீதம்தான். எல்லாவற்றையும்விடக் குறைவாக எழுதப்பட்டது மூன்றாவது, திரும்பத் திருத்துவது. நாற்பது வருடம் ஆகிறது. இன்றும் உங்கள் மதிப்பெண் தாளில் திரும்பிப் போனவருக்கு மதிப்பெண் குறைகிறது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நேர்காணலில் அதைச் சொல்லத் தொடங்கி நாலு நிமிடம்கூட ஆகவில்லை, 'அடுத்த கட்டத்துக்குப் போங்கள்' என்றீர்கள். அதனால் இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்கான நோயாளிப் பதிவுத் திரை. பழைய திரையில் ஒரே பக்கத்தில் இருபத்திரண்டு கட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. நான் நாலு ஊழியர்களை ஓர் அறையில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தேன். 'கட்டங்கள் ரொம்ப அதிகம்' என்று நாலு பேரும் சொன்னார்கள். அதை நம்பி மூன்று பக்கமாகப் பிரித்தேன், எத்தனை பக்கம் முடிந்தது என்று காட்ட மேலே ஒரு பட்டையும் வைத்தேன். எங்கள் குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வெளியிட்ட இரண்டாம் நாள், வரிசை வாசல்வரை நிற்கிறது என்று போன் வந்தது.

போய், அந்த மேசைக்குப் பின்னால் வேலை செய்யும் அக்காவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். பழைய திரையில் அவர் டேப் விசையைத் தட்டியே இருபத்திரண்டு கட்டத்தையும் கடந்துபோவார். திரையைப் பார்க்கவே மாட்டார், கண் எதிரே நிற்பவரின் முகத்திலேயே இருக்கும். நான் செய்த திரையில் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மௌஸைத் தேடி 'அடுத்து' பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பினார். "வலியோட வந்து நிக்கிறவங்க முகத்தைப் பார்க்காம எப்படிம்மா பேரு கேக்குறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் துண்டுச் சீட்டு. பெயர், வயது, போன் நம்பர் மூன்றையும் முதலில் அதில் எழுதிவிட்டு அப்புறம்தான் தட்டச்சு செய்தார். ஏன் என்று கேட்டேன். நடுவில் யாராவது கூப்பிட்டால் எழுந்து போக வேண்டும், திரும்பி வந்தால் திரை வெளியே தள்ளியிருக்கும், அடித்ததெல்லாம் அழிந்திருக்கும் என்றார். அந்தச் சீட்டு பழைய திரைக் காலத்திலிருந்தே மேசையில் இருந்திருக்கிறது. பேட்டியில் நாலு பேரில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. கை பழகிப்போனதை யார் குறை என்று சொல்வார்கள்? நேர வரம்பு முடிவதற்கு முன் எச்சரிக்க வேண்டும், நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி தர வேண்டும் என்று அணுகல்தன்மை வழிகாட்டுதல் 2008-லேயே சொல்லியிருக்கிறது. எனக்கு அந்த விதி தெரியும். அந்தத் திரை அதை மீறிக்கொண்டிருக்கிறது என்பது சீட்டைப் பார்க்கும்வரை தெரியவில்லை.

மூன்று பக்கத்தை மறுபடி ஒரே பக்கமாக்கினேன். கட்டங்களின் வரிசையை, அந்த அக்கா வாயால் கேட்கும் வரிசைக்கு மாற்றினேன். அடித்தது அடித்தபடியே சேமிக்கும்படி செய்தோம். பத்து நாள் கழித்துப் போனபோது சீட்டுக்கட்டு மேசை இழுப்பறைக்குள் போயிருந்தது.

என் செயல்முறை என்ன என்று கேட்டீர்களே, அது இந்த ஸ்டூலிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முன்னால் எனக்கு இருந்தது பாடத்தில் படித்த வரிசை. அன்றிலிருந்து எந்த வேலையாக இருந்தாலும் முதல் அரைநாள் நான் கேள்வியே கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, திரைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய காகிதம், உள்ளங்கையில் எழுதிய எண், பக்கத்து இருக்கைக்காரரிடம் கத்திக் கேட்கும் சந்தேகம். திரை செய்யத் தவறிய வேலையெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. கேள்விகள் அதற்கு அப்புறம்தான்.

இரண்டாவது பழக்கமும் அதே தவறிலிருந்து வந்தது. 'பக்கத்தைப் பிரித்தால் எளிதாகும்' என்பது என் ஊகம். ஆனால் எங்கள் ஆவணத்தில் ஆய்வு முடிவுகளுக்கு நடுவே, அவற்றைப் போலவே தெளிவான ஒரு வாக்கியமாக அது உட்கார்ந்திருந்தது. யாரும் சந்தேகப்படவில்லை, நானும்தான். இப்போது ஒரு கோடு வரைவதற்கு முன்னாலேயே, பயனரைப் பற்றி நான் நம்புவதையெல்லாம் தேதி போட்டு எழுதுகிறேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொல்: 'பார்த்தது', 'கேட்டது', 'ஊகம்'. ஊகம் என்று எழுதியவற்றில் எது தப்பாகப் போனால் பெரிய சேதமோ அதைத்தான் முதலில் சோதிக்கிறேன். என் வேலையில் எது அடுத்தது என்பதை முடிவு செய்வது இந்தப் பட்டியல்தான். அதனால்தான் ஒரு வேலையில் ஆய்வு முதலிலும், இன்னொன்றில் ப்ரோட்டோடைப் முதலிலும் வருகிறது. வரிசை இல்லை என்றீர்கள். வரிசை இருக்கிறது, ஒவ்வொரு வேலையின் ஆபத்தும் அதைத் தீர்மானிக்கிறது.

சோதனைக்கு ஐந்து பேர்தானா என்றும் கேட்டீர்கள். ஒருவரிடம் சோதித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தெரியவரும் என்ற கணக்கை வைத்து, ஐந்து பேரிடம் ஏறக்குறைய 85 சதவீதம் கிடைத்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். அதே இடத்தில் அவர் சொன்ன இன்னொன்று பலருக்கு மறந்துவிடுகிறது: பதினைந்து பேருக்கு வசதியிருந்தால் ஒரே சோதனையில் கொட்டிவிடாதீர்கள், ஐந்து ஐந்தாக மூன்று தடவை செய்து நடுநடுவே திருத்துங்கள். நான் செய்வது அதைத்தான். ஐந்து பேரும் ஒரே வகைப் பயனர்களாக இருக்க வேண்டும். அப்புறம் தம்பியிடமிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று, சோதனை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே நடக்க வேண்டும்.

வெளியிட்ட பத்து நாளில் திரும்பிப் போவது கடைசிப் பழக்கம். அன்று போன் வந்ததால் போனேன். இப்போது போன் வராமலே போகிறேன்.

என் செயல்முறை இவ்வளவுதான். ஒவ்வொரு பழக்கத்துக்குப் பின்னாலும் ஒரு தவறு இருக்கிறது. அந்தத் தவறைச் சொல்லாமல் பழக்கத்தை மட்டும் விளக்கச் சொன்னால் என்னால் முடியாது. முயன்றால் அது உங்கள் ஐந்து பெட்டி மாதிரியே ஆகிவிடும், யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியதாக.

உங்கள் தரப்பிலும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். நூற்றுக்கணக்கான போர்ட்ஃபோலியோக்கள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம்தான் கிடைக்கிறது. குழப்பத்தை அப்படியே கொட்டினால் யார் படிப்பார்கள்? ஒழுங்குபடுத்திச் சொல்வதே பொய்யாகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 1986-ல் மென்பொருள் ஆய்வாளர்களான டேவிட் பார்னஸும் பால் கிளெமென்ட்ஸும் இதையே வாதிட்டார்கள். மென்பொருள் வடிவமைப்பு நிஜத்தில் ஒழுங்கான வரிசையில் நடப்பதே இல்லை, ஆனாலும் படிப்பவர் வசதிக்காக அப்படி நடந்தது போல ஆவணத்தை எழுதுவது நல்லது என்றார்கள். அவர்களே இன்னொன்றும் சேர்த்தார்கள்: யோசித்துக் கைவிட்ட மாற்று வழிகளையும், ஏன் கைவிட்டோம் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டீர்கள், இரண்டாம் பாதியை விட்டுவிட்டீர்கள். கதையை வரிசைப்படுத்துவது வேறு, சந்திக்காத மனிதரை உருவாக்குவது வேறு.

வீட்டிலிருந்து செய்துவரச் சொல்லும் பணியிலும் இதேதான் நடக்கிறது. 48 மணி நேரம். ஆய்வு, பெர்சோனா, பயனர் வேலையை முடிக்கும் படிகளைக் காட்டும் பயணப் படம், திரைகள் எல்லாம் வேண்டும். பயனர் ஒருவரைக்கூட அறிமுகப்படுத்துவதில்லை. இரண்டு நாளில், யாரையும் பார்க்காமல், ஒரு டிசைனர் எதை எழுதித் தருவார் என்று நினைக்கிறீர்கள்? நான் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'ஊகம்' என்று எழுதித் தந்தேன். உங்கள் குறிப்பில் அது 'தன்னம்பிக்கை போதாது' என்று பதிவாகியிருந்தது. மற்றவர்கள் கற்பனை மனிதர்களைத் தந்தார்கள். அந்தக் கற்பனையை உண்மை என்று நம்பித் திரை கட்டும் பழக்கம் வேலையில் சேர்ந்த பிறகும் தொடரும். அப்புறம் ஒரு மேசையின் மேல் எங்கோ ஒரு துண்டுச் சீட்டு சேரும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

உங்கள் மதிப்பெண் தாளில் இருக்கும் 'நிறுவப்பட்ட செயல்முறையைப் பின்பற்றுகிறாரா' என்ற வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், 'எங்கே மனதை மாற்றிக்கொண்டார், எதைப் பார்த்து மாற்றினார்' என்று கேளுங்கள். விளம்பரத்திலேயே இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டால் விண்ணப்பிப்பவர்கள் எதை எழுதுவது என்று தெரிந்துகொண்டு வருவார்கள். உங்கள் சில நிமிடமும் வீணாகாது.

பயனரைச் சந்திக்க வழி தராத பணியில் பெர்சோனாவும் பயணப் படமும் கேட்காதீர்கள். உங்களிடம் இருக்கும் பழைய ஆய்வுக் குறிப்புகளில் பெயர், அடையாளம் எல்லாம் நீக்கிவிட்டுக் கொடுங்கள், அதை ஒருவர் எப்படிப் படிக்கிறார் என்று பாருங்கள். அதுவும் முடியாது என்றால் திரை ஓவியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஊகம்' என்று குறித்தவருக்கு அதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள்.

செயல்முறை சரியில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது, அவர் எடுத்த எந்த முடிவு தவறாகப் பட்டது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். 'வரிசையாக இல்லை' என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் திருத்த முடியாது. பெட்டி வரையத்தான் முடியும்.

கடைசியாக, அந்தத் தம்பி அடுத்த சுற்றுக்கு வரும்போது அவன் முதலில் அனுப்பிய வடிவமும் கையில் இருக்கும். அதையே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அவனும் ஒத்துக்கொண்டிருக்கிறான். ஐந்து பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு, வெயிலில் நடந்த அந்தப் பக்கத்தைப் படியுங்கள். அவன் பேசி முடிக்கும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்லாமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடைசிச் சுற்றில் வந்த ஒரு யுஎக்ஸ் டிசைனர்